கொளஞ்சியப்பருக்குக் கட்டிய பிராது

12-6-1969
வெயில் மண்டையைப் பிளக்கிறது. பால்காரனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

இவர் மத்தியானமே கம்பெனியிலிருந்து வந்துவிட்டார். பீங்கான் பொம்மைக்குப் பூசுகிற நீலக் கலர் டப்பா ஒன்று ஸ்டோரில் காணோமாம். சீமையிலிருந்து வருகிற சரக்கு. ஸ்டோர் சாவி இவரிடமும் பக்கத்து வீட்டுப் பாவாடையிடமும்தான் உண்டு. எடுத்தது யாரென்று தெரிகிறவரை ரெண்டு பேரும் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"நான் தொடலை" என்று குத்துவிளக்கின் மேல் கை வைத்துச் சொன்னார். எனக்கு அது போதும். அப்ப பாவாடையா? சே, பச்சைத் தண்ணியைக்கூட கேட்டுத்தான் குடிப்பார் அந்த ஆளு.

15-6-1969
குழாயடியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். பாவாடை பெண்டாட்டி பாஞ்சாலை வந்து அழுதாள். அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எங்களுக்காவது கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அம்மா கொடுத்த நெல் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றி அனுப்பினேன்.

16-6-1969
நானும் பாஞ்சாலையும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தே போனோம். அவளுக்கு எழுத வராது. நான்தான் ரெண்டு பேர் பேரிலும் பிராது எழுதினேன். "கலர் டப்பாவை எடுத்தவன் எவனோ அவனை நீயே கேள். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் மானத்தைக் காப்பாற்று." கொளஞ்சியப்பர் காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் வேலில் கட்டினோம். திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. இனி அவன் பார்த்துக்கொள்வான்.

இவரிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

19-6-1969
பிராதில் என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். சாயங்காலம் மறுபடியும் கேட்டார்.

21-6-1969
சரியாகச் சாப்பிடுவதில்லை.

24-6-1969
"கனகா, அதை வாங்கிட்டு வந்துடு" என்றார்.

நீங்க எடுக்கலையே, உங்களுக்கென்ன பயம் என்றேன். அப்புறம் சொன்னார், கை நீண்டுடுச்சாம். வேப்பூரில் எவனிடமோ விற்றாராம்.

அடப்பாவி மனுசா! வெளக்கு மேல வச்ச கையா அது? பாஞ்சாலை புள்ளைங்க பட்டினி கெடந்துதே, பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? நான் ஒருத்தி என் கையாலயே எழுதிக் கட்டிட்டு வந்திருக்கேன். எவனோன்னு எழுதினேனே — அந்த எவனோ என் பக்கத்துல படுத்திருக்கான்.

25-6-1969
பாஞ்சாலைக்குச் சொல்லாமல் கோயிலுக்குப் போனேன். ராஜினாமா செய்து பிராதைத் திருப்பிக்கொள்ளத்தான் போனேன். வழக்கு தீர்ந்ததா என்று கோயிலில் கேட்டால் என்ன சொல்வேன்? அதில் அவள் பேரும் இருக்கிறதே.

போலீசு என்றால் வக்கீல் வைக்கலாம். இந்தச் சாமிகிட்டேருந்து தப்பிக்க யார்கிட்ட ஓடுறது? இவன்கிட்டயேதான் ஓடணும். அவரைக் காப்பாத்துன்னு சொல்லி அழுதேன். பிராதை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிவிட்டேன். முதலாளியைப் போய்ப் பாருங்க. பாவாடை வேலைக்குப் போகட்டும். அப்புறம் பிராதைப் பேசுவோம்.

28-6-1969
போனார். சொல்லிவிட்டார். முதலாளி போலீசுக்குப் போகவில்லை, ஆனால் இனி கம்பெனி கேட்டுப் பக்கமே வரக்கூடாதாம். பாவாடை சைக்கிளில் வேலைக்குப் போனார். பாஞ்சாலை என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும். நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

2-7-1969
இவருக்கு ரெண்டு நாளாக ஜுரம். கம்பவுண்டர் மாத்திரைக்குக் கேட்கவில்லை. இது வெயில் ஜுரமா, சாமி கொடுத்த ஜுரமா? பயமா இருக்குது. பாஞ்சாலை இல்லாமல் நான் மட்டும் எப்படிப் போய் அதை எடுப்பேன்?

4-7-1969
விடிந்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள். பாஞ்சாலை, தலைக்குக் குளித்துவிட்டு நின்றாள். "கெளம்புக்கா" என்றாள். அவ்வளவுதான். மணவாளநல்லூர் போய்ச் சேருகிறவரை ஒரு பேச்சு இல்லை.

வேலுக்கு முன்னால் அவள்தான் கை கூப்பினாள்.

"சாமி, எங்க வழக்கு தீந்துபோச்சு. ராஜினாமா பண்ணிக்கிறோம். அந்த அண்ணனை வுட்டுடு."

திரும்பி நடந்து, தெருமுனை வந்ததும் முந்தானையில் முடிந்திருந்த விபூதியில் பாதியை என் கையில் கொட்டினாள். இவர் நெற்றியில் பூசிவிடச் சொன்னாள்.

பூசிவிட்டேன். யார் கொடுத்தது என்று கேட்டார், சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.