ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?

மார்ச் 4, புதன்

குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. மாமா ஒரு பழைய துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு, "இன்னும் ஒரு வருஷத்துக்கு அசையாது" என்றார். நான் வேலைக்குக் கிளம்புவதற்குள் அசைந்துவிட்டது. என் மாமனாருக்கு எதிலும் சந்தேகமே வராது. கண்டக்டராக இருந்தவர், நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் "உள்ள காலியா இருக்கு, போங்க போங்க" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டார்.

அலுவலகத்தில் புதிய கருத்துக்கணிப்பு. கடல் தாண்டி எங்கேயோ நடக்கும் போர். அதில் நம் கூட்டாளி நாடு அடி வாங்குகிறது. நம் வீரர்களை அனுப்பலாமா என்று மக்களிடம் கேட்க வேண்டும். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு முன் அரசாங்கத்துக்கு மக்கள் மனசு தெரிய வேண்டுமாம்.

மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்து விதிகளை வாசித்தார். வீட்டில் யாராவது ராணுவத்தில் இருந்தால் இதில் வேலை செய்யக் கூடாது, இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் படையில் வண்டி மெக்கானிக். போன வாரம்தான் அவர்கள் பிரிவுக்கு மொத்தமாக லீவை ரத்து செய்தார்கள்.

ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு நாள் மாலையும் கணக்கு என் திரையில்தான் வந்து விழும். அனுப்பு என்கிறவர்கள் இவ்வளவு, வேண்டாம் என்கிறவர்கள் இவ்வளவு. அதை வேறு ஒருத்தி பார்க்க, நான் டிவியில் தெரிந்துகொள்வதா? முடியாது. அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

என் வேலை காது கொடுப்பது. பெண்கள் ஃபோன் செய்து கேள்வி கேட்பார்கள். நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, யார் லைனில் வேண்டுமானாலும் நுழைந்து கேட்கலாம். நான் பேசினால் அந்தப் பக்கம் கேட்காது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறார்களா, தங்கள் கருத்தைக் கலக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேள்வி இதுதான்: "நமது படைவீரர்களை அனுப்புவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" அடுத்தது, "உறுதியாகவா, ஓரளவுக்கா?"

இன்றைக்கு ஒருவர் உறுதியாக ஆதரித்துவிட்டு, "அது சரி, அந்த நாடு எந்தப் பக்கம்மா இருக்கு?" என்று கேட்டார். ஒரு அம்மா, "எங்க தெருவுக்கே தண்ணி வரல, இவங்க அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறாங்க" என்றாள். ஒரு பெண் புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவள் திரும்பி வரவே இல்லை. இன்னொருவர், "அனுப்பலாம், ஆனா சீக்கிரம் முடிச்சிடணும்" என்றார். கல்யாணப் பந்தி என்று நினைப்பு.

மாலைக் கணக்கு: அனுப்பு என்கிற பக்கம் கொஞ்சம் கூடுதல்.

மார்ச் 8, ஞாயிறு

செய்தி நேரத்துக்கு எதிர்வீட்டு பேங்க்காரரும் மாடிவீட்டுத் தம்பதியும் வந்துவிடுகிறார்கள். பட்டாளத்துக்காரன் வீட்டில் உட்கார்ந்து போர்ச் செய்தி பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு கிக். மாமாதான் நடுநாயகம். வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தப் பாலத்தைப் பிடிச்சா கதை முடிஞ்சுது" என்கிறார். தெருவில் அவருக்கு ஜெனரல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

"உங்க பையனும் போவானா?" என்று பேங்க்காரர் கேட்டார்.

"போகாம? சிங்கம் மாதிரி போவான்."

சமையலறையில் என் கையிலிருந்து தட்டு நழுவியது. உடையவில்லை, எவர்சில்வர். பெத்த பிள்ளையைப் பற்றி இப்படிப் பேச ஒரு மனுஷனுக்கு நாக்கு எப்படி வருகிறது? வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தேன். வெளியே வந்து எல்லோருக்கும் டீ கொடுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

மார்ச் 12, வியாழன்

எழுதினால்தான் ஆறும்.

மதியம் கேள்வி கேட்கும் பெண்களில் ஒருத்தி, குயிலின் லைனில் இருந்தேன். நல்ல குரல் என்பதால் நான் வைத்த பெயர் அது. எண்களை இயந்திரம்தான் குலுக்கிப் போடுகிறது. எடுத்தவர், "யாரு? கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்றார்.

மாமா.

ஊழியர் வீட்டு ஆட்களிடம் கேட்கக் கூடாது என்பது விதி. நான் உடனே பொத்தானை அழுத்தி நிறுத்தியிருக்க வேண்டும். விரலை அதன்மேல் வைத்தேன். அழுத்தவில்லை. இந்த அழைப்பை மேற்பார்வையாளரும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று குயில் சொன்னதற்கு, "யாரு வேணா கேட்கட்டும்" என்றார்.

கேள்வி வந்தது. "ஆதரிக்கிறேன்." யோசிக்கவே இல்லை. உறுதியாகவா? "உறுதியா." எனக்குக் காதெல்லாம் சூடேறியது. ஹெட்ஃபோனைக் கழற்றி எறியப் போனேன்.

ஆனால் அவர் ஃபோனை வைக்கவில்லை.

"ஏம்மா, மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க ஐயா."

"வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்கல்ல?"

"எல்லா மாதிரியும் சொல்றாங்க ஐயா."

"அவங்க நிறைய இருக்கணும்மா." பிறகு மெதுவாகப் பேசினார். அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். "என் பையன் பட்டாளத்துல இருக்கான். நான் வேண்டாம்னு சொன்னா, அப்பன் பிள்ளையை ஒளிச்சு வைக்கிறான்னு ஆயிடும். அவனுக்குத்தான் கேவலம். பிள்ளை அங்க இல்லாதவங்க சொல்லலாம், அவங்களை யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. சொல்லுவாங்கல்ல?"

குயில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். இதற்கு எங்கள் தாளில் பதில் இல்லை.

"நேரம் ஒதுக்கியதற்கு நன்றி ஐயா."

"கடைசியா சொன்னதை எழுதிக்காதம்மா. பதிலை மட்டும் எழுதிக்கோ."

பிள்ளை அங்கே இல்லாதவர்கள் சொல்லுவார்களாம். ஐயோ மாமா. ஒரு வாரமாக அவர்களைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள்தான் உறுதியாக ஆதரிக்கிறார்கள். பட்டாளத்து வீடுகளே கம்முனு இருக்கு, நமக்கென்ன என்று. இவர் அவர்களை நம்பி வாயை மூடுகிறார், அவர்கள் இவரைப் பார்த்து வாயைத் திறக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் மட்டும்? நானும்தான் டீ கொடுத்தேன்.

அவர் பதில் இன்னும் என் திரையில் இருக்கிறது. 'எதிர்க்கிறேன்' என்று மாற்ற ஒரு தட்டு போதும்.

மார்ச் 13, வெள்ளி

மாற்றவில்லை. நேர்மை கீர்மை ஒன்றும் இல்லை, பயம். பிடிபட்டால் வேலை போகும். மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், அது கத்தியதைவிட மோசம். மாமாவின் பதிலைக் கணிப்பிலிருந்து நீக்கினார். என்னையும் நீக்கினார். திங்கள் முதல் எனக்குத் துணி சோப்புக் கணிப்பு. நுரை போதுமா, வாசனை போதுமா.

இனி மாலைக் கணக்கு எனக்குத் தெரியாது.

வீட்டில் மாமா அந்த ஃபோனைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 19, வியாழன்

நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. பெரும்பான்மை மக்கள் ஆதரவு என்று எங்கள் கணிப்பைக் காட்டித்தான் அமைச்சர் பேசினார். பேங்க்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமாவும் குலுக்கினார். அந்தக் கையை அதற்கப்புறம் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 24, செவ்வாய்

என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். "அரசாங்கச் செலவுல ஃபாரின் டூர், பொறாமைப்படாதீங்க" என்றார். நான் சிரித்தேன். எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். மாமா, "நம்ம வீட்டுப் பேரைக் காப்பாத்துடா" என்றார். அவர் "சரிங்க ஜெனரல்" என்றார். மூன்று பேரும் என்ன நடிப்பு.

ஏப்ரல் 2, வியாழன்

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வயிறு மந்தம். டிவியைப் போடுவதில்லை. பேங்க்காரர் வந்து கூப்பிட்டால் தலைவலி என்கிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நம் வண்டிகள் போன வரிசையில் குண்டு விழுந்திருக்கிறது. எந்தப் பிரிவு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஃபோன் அணைத்திருக்கிறது. பழுதான வண்டிக்குப் பின்னால் போக வேண்டியது மெக்கானிக்தானே. வேண்டாம், எழுதக் கூடாது.

ஏப்ரல் 6, திங்கள்

"நல்லா இருக்கேன்." இவ்வளவுதான் செய்தி. மாமாவிடம் ஓடிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வார்த்தையை வெகுநேரம் படித்தார். யார் வீட்டுப் பிள்ளையோ போயிருக்கிறது. அந்த வீட்டில் இன்று என்ன செய்துகொண்டிருப்பார்கள்?

ஏப்ரல் 9, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் குயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒரு பெரியவர் திரும்பத் திரும்பக் கூப்பிடுறார். தான் சொன்ன பதிலை மாத்தணுமாம். அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க ஐயான்னு சொல்லிட்டேன். அதுக்கு, அப்ப நான் சொன்னதாலதான் அவன் போனானான்னு கேட்கிறார். எனக்குச் சோறே இறங்கலக்கா."

எனக்கும் இறங்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாமா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன். "மாமா, ஒரு பொண்ணு உங்ககிட்ட போரைப் பத்தி ஃபோன்ல கேட்டாள்ல, அதை நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

திரும்பிப் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். உங்க பதில் கணக்குலயே சேரல மாமா. என் வீட்டு ஆளுங்கிறதால அன்னைக்கே எடுத்துட்டாங்க. உங்களால அவர் போகல."

ஒரு பெருமூச்சு வரும், முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கேட்டார்:

"அப்ப, நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"அதையும் எடுத்திருப்பாங்க மாமா."

தலையை ஆட்டினார். "அப்ப நம்மளை யாரும் கேட்கவே இல்ல" என்றார். கோபமில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, "உன்னைக் கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்பே?"

"வேண்டாம்னு."

"உறுதியாவா?"

அழுதுவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் அழுததில்லை. அவர் எழுந்து, என் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "போய் முகத்தைக் கழுவும்மா. ரெண்டு பேரும் சாப்பிடுவோம்" என்றார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாடிப்படியில் பேங்க்காரர் வழக்கம்போல, "என்ன ஜெனரல், நம்ம சிங்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "அவனை அனுப்பியிருக்கவே கூடாது சார்" என்று மாமா சொல்லியிருக்கிறார், எல்லோர் காதிலும் விழும்படி, அந்த பஸ் குரலில். பேங்க்காரர், "இருந்தாலும் நாட்டுக்காக..." என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார். மாடிவீட்டுப் பெண் மட்டும் அப்புறமாக வந்து, "எனக்கும் அப்படித்தாங்க தோணுச்சு, நீங்க என்ன நினைப்பீங்களோன்னு சொல்லல" என்றாளாம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அங்கே காற்று அதிகம், பாதி வார்த்தை கேட்கவில்லை. "சாப்பாடெல்லாம் ராஜ உபசாரம், தொப்பை போட்டாச்சு" என்று ஆரம்பித்தார். நான் சிரிக்கத் தயாரானேன். மாமா என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றார்.

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கும்தான்ப்பா" என்றார் அவர். "ரொம்பப் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு மூன்று பேரும் அதிகம் பேசவில்லை. லைன் தானாகக் கட்டாகும்வரை யாரும் ஃபோனை வைக்கவும் இல்லை.