சிவப்புக் கட்டமும் அரக்குப் பட்டும்

கண்ணு பூங்கொடிக்கு அம்மா எழுதுவது. அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் நித்தீஷும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும், இங்கே எல்லோரும் சுகம், இப்போது நானும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், அதனால்தான் கடிதம். எனக்கு ஸ்கேன் எடுத்த அன்றைக்கு ரூம் வாசலில் இருந்தது உன் அப்பா, தம்பி குமரன், பனியன் கம்பெனியில் என் பக்கத்தில் நின்று செக்கிங் பண்ணும் ஜுபைதா, உன் அத்தை மயிலாள். வேறு யாராவது நானும் வந்தேன் என்றால் நம்பாதே.

மார்பைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் தெரியலீங்க என்றார். அப்புறம் அதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான பேருடைய படங்களைக் காட்டி, எது கட்டி, எது இல்லை என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்களாம். அது என் படத்தில் ஓர் ஓரமாகச் சிவப்புக் கட்டம் போட்டது. செக்கிங்கில் ஓட்டை, கறை கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் அந்தப் பனியன் பெட்டிக்குள் போகாது, எத்தனை வருஷமாக ஒட்டிய கை இது. நம்மையும் ஒதுக்கியாச்சு என்று நினைத்துக்கொண்டேன், டாக்டரம்மா மேற்கொண்டு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. ஊட்டுக்கு வந்ததும் மிக்சியை ஜுபைதாவுக்கும், என் கல்யாண அரக்குப் பட்டை மயிலாளுக்கும் கொடுத்துவிட்டேன்.

ஏனுங்க்கா, ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் குப்பைக்கா போகுது, முக்கால்வாசி கறை எடுத்து, ஓட்டை தச்சு, ஆல்டர் பண்ணி நல்ல பீஸாத்தானே திரும்பி வருது என்று ஜுபைதா சத்தம் போட்டு, மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மாவும், கட்டம் போட்டால் இந்த இடத்தை இன்னொரு தடவை பாருங்கள் என்றுதான் அர்த்தமுங்க, சும்மா இருக்கிற சதைக்கும் சில நேரம் போடும், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும் என்றார். பார்த்தார்கள். கெட்ட கட்டிதான் கண்ணு, பதறாதே, கடுகளவு. கட்டம் போடாவிட்டால் நான் விட்டிருப்பேனுங்க என்று அவரே ஒத்துக்கொண்டார். கட்டியை எடுத்தாயிற்று, கரண்ட்டு என்கிறார்களே, அந்தக் கதிர் வைத்தியமும் முடித்தாயிற்று. நேற்று முருங்கைக்காய்க் குழம்பில் உப்பில்லை என்று உன் அப்பாவோடு சண்டை பிடித்தேன் என்றால் பார்த்துக்கொள்.

ஜுபைதா மிக்சியைத் துடைத்து, கூடவே பிரியாணியும் கொண்டுவந்து வைத்தாள். மயிலாள் சேலையைக் கட்டிக்கொண்டு குண்டடத்தில் ஒரு காதுகுத்துக்கு வந்து, எங்க அண்ணி போறப்ப குடுத்ததுங்க என்று ஊருக்கே சொல்கிறாள், நான் அதே பந்தியில் எதிரே உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறேன். திருப்பிக் கேட்டால், கொடுத்ததைக் கேக்கலாமுங்களா என்கிறாள்.

அம்மாவுக்கு வந்தது என்று சொல்லி நீயும் போய்ப் படம் எடு, கூச்சப்படாதே. நூறு வயசு நல்லாயிரு சாமி.

இப்படிக்கு,
ஆல்டர் முடிந்து வந்த உன் அம்மா பழனியம்மாள்.

சேலையை விடு, சேலை போகட்டும். போறப்ப என்று சொன்னாள் பார், அதற்காக இந்த ஜென்மத்தில் நான் மன்னிக்காத ஒரே ஆள், உன் அத்தை மயிலாள்.