கிணறா, பெருச்சாளியா

சித்தி,

வீடு முழுக்க ஈர சிமென்ட் வாசனை. பாதி கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு நீ திரும்பும்போது உன் துப்பட்டாவில் வருமே, அதே வாசனை. சாயங்காலம் அப்பா நடு அறையின் மூலையில் தரை வெடிப்பைப் பூசி அடைத்தார். அவர் எழுந்துவிடக் கூடாதே என்று அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தியாகதுருகத்தில் ஒரு வீட்டுக்குக் வங்கிக் கடனுக்காக மதிப்புப் போடப் போனாயே, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நானும் வந்தேன். ஓர் அறையில் சட்டென்று நின்று குதிகாலால் தரையைத் தட்டினாய். காலிப் பானையைத் தட்டிய மாதிரி கேட்டது.

"பெருச்சாளி வளைம்மா. ஊர்ல எந்த வூட்ல இல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"இருக்கலாங்க. இங்க முன்னாடி கெணறு கிணறு இருந்துச்சா?"

"எங்கப்பா காலத்துல இருந்திச்சின்னு சொல்வாங்க. எங்கன்னு யாருக்குத் தெரியும்? இன்னாம்மா நீ, ரெண்டு பெருச்சாளிக்காக லோன நிறுத்துவியா?"

"நிறுத்தலீங்க. அந்த மூலைய ஒடச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"ஒடச்சா நீ வந்து பூசுவியா?"

"பெருச்சாளின்னா நானே வந்து பூசறேன். கெணறுன்னா என்னால ஆவாதுங்க."

அவரே சிரித்துவிட்டார். ஆனால் டீ கொடுக்கவில்லை.

பேருந்தில் உன்னை நச்சரித்தேன். அடியில் தூர்த்த கிணறு என்று நினைத்து மதிப்பைக் குறைத்தால் என்ன? "பெருச்சாளியா இருந்தா அந்த மனுசனுக்கு அநியாயம்டி" என்றாய். அப்படியானால் பெருச்சாளி என்றே எழுதிவிடு என்றேன். "கெணறா இருந்தா?" என்று என் தலையில் தட்டினாய். தரையைத் திறந்து பார்க்கும்வரை காரணம் தெரியாது, பார்த்த பிறகே மதிப்பு என்று எழுதினாய். கள்ளக்குறிச்சி வரும்வரை நீயும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இன்னாவா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். அவர் தரையைத் திறப்பதற்குள் நீ காய்ச்சலில் போய்விட்டாய். அங்கே இருந்தது எது என்று எனக்கு இன்னும் தெரியாது. இன்றுகூட அந்தப் பக்கம் போகிற பேருந்தைப் பார்த்தால் ஏறிப் போய்க் கேட்கலாமா என்று தோன்றுகிறது.

இப்போது நம் வீட்டுத் தரையே அப்படிச் சத்தம் போடுகிறது, சித்தி. கல்வராயன் மலைப் பக்கம் மழை பிடித்ததிலிருந்து நடு அறை மூலை இன்னும் இறங்கியிருக்கிறது. இந்த நகர் முன்பு கரும்புக் கொல்லைதானே. எதிர்வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "கெணறு ஒண்ணு இருந்திச்சி கண்ணு. ஒங்க வூட்டுப் பக்கமா, எங்க வூட்டுப் பக்கமான்னுதான் தெரியல" என்றார். இரண்டு நாளாக அவரும் தன் வீட்டுத் தரையைத் தட்டிப் பார்க்கிறார்.

மேலே ஒரு மாடி எடுக்க அப்பா கடன் கேட்டிருக்கிறார். நாளை மதிப்புப் போட ஆள் வருகிறார். "நீ வாயத் தொறக்காத. ஒன் சித்தி மாதிரி கேள்வி கேட்டுக்கினு நின்ன, அவ்ளோதான்" என்று இரவு சாப்பிடும்போது சொன்னார். அவர் கை ஓங்கினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் யோசிக்கிறேன். இந்தத் தரையே இறங்கும்போது, மாடியின் பாரத்தையும் ஏற்றினால் என்ன ஆகும்?

பூசின இடம் தெரியாமல் இருக்க அந்த மூலைக்குக் கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது அதில்தான் படுத்துத் தூங்குகிறார்.

தெரியாது என்று சொல்ல உனக்குப் பயமே இருந்ததில்லை. எனக்கு இருக்கிறது. ஆனாலும் உன் சொல் என்னிடம்தான் இருக்கிறது. நாளை வருகிறவரிடமும், திறந்து பார்க்கும்வரை தெரியாது என்றே சொல்வேன். அதற்கு முன் இப்போதே அப்பாவை எழுப்பப் போகிறேன். எழுந்து இந்தப் பக்கம் வந்து படுங்கப்பா என்பேன். "ஏன்டி, இன்னா ஆச்சு?" என்பார்.

"தெரியலப்பா. அதனாலதான்."