அந்தப் பொடி என்ன ஆயிற்று

மேனாம்பேடு,
ஞாயிறு காலை

அன்புள்ள ஜெகதீஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், என் சர்க்கரையும் என்னை விட்டுப் பிரியாமல் சௌக்கியமாகவே இருக்கிறது. டென்மார்க் குளிரில் நீயும் ரேகாவும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் அம்மா இப்போது கமிட்டி மெம்பர், தெரியுமா. மூன்று வருஷத்துக்கு முன்னால் கரையான்சாவடிப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, நம் தெருச் சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு கசப்புப் பொடியைக் கொடுத்து ஆறு மாதம் குடிக்கச் சொல்லி, மூன்று தடவை ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்களே, அவர்களேதான் இப்போது கால்புண் பற்றிப் புதிதாக ஓர் ஆராய்ச்சி தொடங்குகிறார்கள், அதன் கமிட்டியில் நோயாளிகள் சார்பில் ஒருவர் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது என்னை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பியது உன் அப்பா. போனால் டீ, சமோசா, பிறகு எல்லாவற்றுக்கும் நான் சம்மதித்ததாக ஒரு தாள், கையெழுத்துப் போடப் பேனா. பேனாவை வாங்கிக்கொண்டு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் கிருஷ்ணப்பிரியாவிடம், "அந்தப் பொடி இன்னா ஆச்சும்மா?" என்றேன். ஏதோ பத்திரிகையில் இங்கிலீஷில் போட்டாயிற்று என்றார். அது இருக்கட்டும், சர்க்கரை குறைந்ததா இல்லையா என்றேன். குறையவில்லை என்றார் அந்தப் பெண்.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் அதை நம்பி, ஆறு மாதம் முடிந்த பிறகும் நாட்டுமருந்துக் கடையில் அதே மாதிரிப் பொடி வாங்கிக் குடித்துக்கொண்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியாக்கிவிட்டாள். எங்கள் தெருவுக்கு வந்து சொல்லும்வரை கையெழுத்து இல்லை என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவுக்குச் சமோசா தொண்டையில் நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல வேண்டும், அடுத்த ஞாயிறே நலச்சங்கக் கட்டடத்துக்கு வந்து நாற்பது பேர் முன்னால் நின்று எல்லாம் தமிழில் சொன்னார். வேம்புலியம்மாள் எழுந்து, "மூணு வருசமா கசப்ப முழுங்கிகினு கீறேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். டாக்டர் சாக்குச் சொல்லவில்லை, தப்பு எங்களுடையதுதான் என்றார். அங்கேயே பரிசோதித்ததில் அவளுக்கு முந்நூற்றுப் பத்து, இப்போது முழு மாத்திரை போட்டு நூற்றெழுபதுக்கு வந்துவிட்டாள், பொடி டப்பாவில் கடுகு கொட்டி வைத்திருக்கிறாள். முடிவு எதுவானாலும் கலந்துகொண்டவர்களுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன மாதம் நீ ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதாக ரேகா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. என்ன வந்தது என்று ஒளிக்காமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
சரசா