பரிசளிப்பு விழாவில் கேட்ட சொல்

சாலை, திருவனந்தபுரம்
12.8.1998

அன்பு மகள் ஷாலுவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. வீட்டு விலாசத்துக்குப் போட்டால் உன் புருஷன் ஷிஜு பிரித்துவிடுவான் என்று பெங்களூரில் உன் ஆபீசுக்கே அனுப்புகிறேன்.

இங்கே விடாத மழை. அப்பா வேலை பார்க்கும் இரும்புக் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது.

நீ பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய அன்று தலைமையாசிரியை மேடையில் "ஷாலு டிசர்வ்ஸ் இட்" என்றாரே, நினைவிருக்கிறதா? தகுதி உள்ளவள் என்று பக்கத்தில் ஒருவர் அர்த்தம் சொன்னதும் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்னை என்ன பாடு படுத்தினார்! மீன்குழம்பு நன்றாக இருந்தால் டிசர்வ். நான் புதுச் சேலை உடுத்தினால் டிசர்வ்.

போன வாரம் கடைக்கு போன் செய்து, அவன் அடிக்கிறான் என்று அழுதாயாம். உடனே புறப்பட்டு வா என்று அப்பா சொன்னதற்கு, கோயிலில் ஓலை வாசித்து ஊரறிய அறிவித்த கல்யாணத்தை விட்டு இவனோடு ஓடினவள் நான், ஐ டிசர்வ் இட் என்று போனை வைத்துவிட்டாயாம். அடி வாங்குவதற்கும் அந்த வார்த்தையைச் சொல்வார்களா என்று மாடிவீட்டு சபீனாவிடம் கேட்டார் அப்பா. "அதுக்கும் பறயும் அங்கிளே" என்றாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

உன் கல்யாணத்துக்கு மூன்றாவது, கடைசி ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறன்று நீ இல்லை. போதகர் தாளை மடித்து வைத்தபோது எங்களால் தலைதூக்க முடியவில்லை. அன்றிலிருந்து அப்பா கடைசி பெஞ்சில்தான். தகுதி இல்லை என்று திருவிருந்துக்கு எழுந்து போவதே இல்லை. எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். நாலு திட்டு திட்டுவேன், பிறகு சோறு போடுவேன். அதற்காக எவனோ உன்னை அடிப்பதா?

இந்த ஞாயிறு திருவிருந்துக்கு அப்பா எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் போய் முழங்காலிட்டுக் கை நீட்டினார், போதகர் அப்பம் கொடுத்தார். திரும்பி வரும் வழியில், "எளா, தகுதி பாத்தா அங்க ஒருத்தனுக்கும் கிட்டாது. முட்டுக்குத்திக் கைய நீட்டினேன், தந்தாரு. பிள்ளைக்கு எழுது" என்றார். சொல்லிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று அழுதார்.

பெங்களூர் வண்டி வரும் நேரத்துக்கெல்லாம் அவர் தம்பானூர் ஸ்டேஷனில் போய் நிற்கிறார். நாளைக்கும் நிற்பார். துணிமணி எதுவும் எடுக்க வேண்டாம். நீ வந்தால் போதும் மக்களே.

அதுவரைக்கும் கர்த்தருடைய கை உன் தலைமேல் இருப்பதாக. வேறு எந்தக் கையும் உன்மேல் விழாதிருக்கட்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா ராஜபாய்