ஆறு மணிக்கு அணைந்த விளக்குகள்

குஷிரோ, நவம்பர் 14

அன்புள்ள மிசாகோவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் மாட்சுயாமாவில் ஆரஞ்சு பறிக்கத் தொடங்கியிருப்பார்களே! நான் மாற்றலாகி வந்த இந்த வடக்கு ஊரில் காது விறைக்கும் குளிர். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. போன வாரம் என் பிரிவில் வேலை பார்க்கும் குரமோச்சி திடீரென்று மேசையிலேயே அழுதுவிட்டான். தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"வேலை அதிகம்னா சொல்லுப்பா, பாதியை வேற ஆளுக்குத் தர்றேன்."

"வேலை ஆறு மணிக்கே முடிஞ்சிடுது சார். நீங்கதான் எழுந்திருக்கவே மாட்டேங்கிறீங்க! நீங்க உக்காந்திருக்கும்போது நாங்க எப்படிக் கிளம்புறது? எம் பொண்ணு முழிச்சிருக்கும்போது பார்த்து ஒரு மாசம் ஆச்சு சார்."

எல்லோரும் உழைப்பாளிகள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு மேல் எனக்கும் வேலை கிடையாது, மிசாகோ. பழைய செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அறைக்குப் போனால் யார் இருக்கிறார்கள்? அதை அவனிடம் சொல்ல முடியவில்லை.

திங்கள் முதல் ஆறு அடித்ததும் முதல் ஆளாக நானே கிளம்புகிறேன். அன்று எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குரமோச்சி பேருந்துக்கு ஓடினான்.

நம் வீட்டுச் சமையலறை ரேடியோவை அனுப்பிவை. எந்த நிலையம் எடுத்தாலும் சரி, சத்தம் வந்தால் போதும். ஒருவருக்கு மட்டும் சோறு வைக்க எவ்வளவு தண்ணீர் என்றும் எழுது.

தபால் எடுக்க ஆள் வந்துவிடுவார், முடிக்கிறேன். இப்போதெல்லாம் ஆறேகாலுக்கே அறையில் இருக்கிறேன். நீ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.

தெட்சுரோ