அப்பாவின் வலது கை ஓய்வு பெற்ற செய்தி

மடோகா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக நகானோவில் போனை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் முன்னாள் தேசிய கர்லிங் சாம்பியனுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வெங்காய மூட்டை தூக்குவதிலும் என் காதைத் திருகுவதிலும் நீண்ட காலம் அரும்பணியாற்றிய நம் அப்பாவின் வலது கை, போன ஞாயிறு முதல் ஓய்வு பெற்றுவிட்டது. கூரையில் பனி தள்ளும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆகவே கடிதம் அப்பாவுடையது, கையெழுத்து மட்டும் உன் தம்பி தெப்பெயுடையது. சொல்வதை அப்படியே எழுத வேண்டுமாம். நடுவில் நானும் என் சரக்கைச் சேர்ப்பேன், கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

இங்கே எல்லாரும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை துக்கத்தையே சூப் வைத்துக் குடிக்கிறாயா என்று கேட்கச் சொன்னார். (சூப் நான் போட்டது.) கடல் உறைந்து பனிப்பாளங்கள் கரை வரை வந்துவிட்டன. கொட்டகையில் வெங்காயம் விறைத்துவிடக் கூடாது என்று அம்மா கம்பளி போர்த்தியிருக்கிறாள், அதில் ஒன்று என் கம்பளி. இந்த வீட்டில் எனக்கு மேலே வெங்காயம், அதற்கு மேலே நீ.

தோற்ற பிறகு நீ ஆட்டத்தையே விடுவதாகப் பேப்பரில் வந்ததும் மதுக்கடை மிசுனுமா என்ன செய்தார் தெரியுமா, வாசலில் தொங்கிய உன் படத்தைக் கழற்றிவிட்டார். நீ முதல் பட்டம் வாங்கியபோது எங்க ஊர்ப் பொண்ணு எங்க ஊர்ப் பொண்ணு என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்த அதே மனிதர். இப்போது, "எவனும் பாக்கல, கேமராவும் பாக்கல, தொடப்பம் கல்லுல பட்டுச்சுன்னு இவளே எதுக்குக் கையத் தூக்குனா? கல்ல எடுத்தாங்க, பட்டமும் போச்சு, உலகப் போட்டியும் போச்சு. பெரிய நேர்மைத் திலகம்!" என்கிறார். நம் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், பனிக்கட்டியில் ஓடும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பெருக்கிப் போகும் இந்த ஆட்டத்தில் துடைப்பம் பட்டால் அந்தக் கல் செல்லாது, விசில் ஊதிப் பிடிக்க ஆள் கிடையாது, தொட்டவர்தான் சொல்ல வேண்டும் என்று. மாலை ஆட்டங்களில் காலமெல்லாம் துடைப்பம் பிடித்த மிசுனுமாவுக்கு மட்டும் தெரியவில்லை. உன் மேல் கல்லெறிகிற இந்த ஆளிடம் நிஜக் கல்லைக் கொடுத்தால் இருபது கிலோவைத் தள்ளிவிட்டு மூச்சிரைக்க அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். காலியாகத் தொங்கிய சட்டத்தில் என் பள்ளிக்கூடப் படத்தை மீசை வரைந்து ஒட்டிவிட்டு வந்தேன். எந்தக் கட்சி வேட்பாளர் என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

அப்பா கர்லிங்கை மதித்தவர் இல்லை, உனக்கே தெரியும். பள்ளி மைதானத்தில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, பால் கேனிலும் தண்ணீரை உறையவிட்டு நீ தள்ளிக்கொண்டிருந்த காலத்திலேயே, கேன் போச்சே என்றுதான் கத்தினார். நீ ஸ்வீடனுக்குப் போனபோது, "பெருக்குறதுக்கு அவ்வளவு தூரம் போவணுமா, நம்ம கொட்டகையிலயே சருகு மலையாட்டம் கெடக்கு" என்றார். மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கினாய், அவர் ஒருமுறைகூட அரங்கத்துக்குள் கால் வைக்கவில்லை. தோற்ற அன்று ராத்திரி அம்மாவிடம் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான், அப்பா என்ன சொன்னார் என்று. அம்மாவும் பொய் சொல்லத் தெரியாமல், "ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள். அதோடு நீ போனை எடுப்பதில்லை, வசந்த காலத்துக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று தபால் அட்டை போட்டாய். அதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றால், இந்த மனிதர் வெங்காய நாற்றைப் பற்றிப் பேசுகிறார்!

அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கூடாரத்துக்குள்ள நாத்து போடற நேரம். எனக்கு ஒரு கை இல்ல. இவன் ஒரு தட்டு போடறதுக்குள்ள ஒம்பது தடவ கொட்டாவி விடறான். அவளுக்குத்தான் இப்ப வேலையில்லையே, வரச் சொல்லு." மகளை அழைக்கிற அழகைப் பார்த்தாயா.

உன் புத்தியும் எனக்குப் பிடிபடவில்லை. மிசுனுமா மண்டூகம்தான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் நானும் அவர் கட்சி. வகுப்பில் மேசை மேல் ஏறியே அறிவித்துவிட்டேன்: என் துடைப்பம் கல்லில் பட்டால் அது துடைப்பத்துக்கும் கல்லுக்கும் உள்ள சொந்த விவகாரம், மூன்றாம் மனிதனான நான் தலையிட மாட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு முட்டாள் போதும் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள், கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே, அம்மா அனுப்பிய காய்ந்த சிப்பியை மற்றவர்களுக்கு வாரிக் கொடுக்காமல் நீயும் தின்னு, நன்றாக இரு என்று அப்பா சொல்கிறார். வரும்போது பழைய ரப்பர் பூட்ஸ் கொண்டு வர மறக்காதே, நாற்றங்காலில் சேறு. கீழே இருப்பது அப்பாவின் இடது கைக் கையொப்பம், பனியில் காக்கை நடந்த தடம் இல்லை.

அப்பா

பி.கு.: அப்பா கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். சீக்கிரம் எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்குக் கடைசி ஆட்டம். பெருக்கிக்கொண்டே ஓடும்போது என் துடைப்பத்தின் ஓரம் கல்லில் பட்டது, கொசு உட்கார்ந்த மாதிரி. ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் மனிதனாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை தூக்கியிருந்தது அக்கா. எப்போது தூக்கினேன் என்றே தெரியவில்லை. கல்லை எடுத்தார்கள், தோற்றோம், கேப்டன் என்னை லூசு என்றான். அப்போது பார்த்தால், என்னை வண்டியில் கூட்டிப் போக வந்த அப்பா, வாசலோடு நிற்காமல் உள்ளேயே வந்திருக்கிறார்! கைதட்டிக்கொண்டு, வயல் பூட்ஸோடு, நேராகப் பனிக்கட்டியில் இறங்கினார். இரண்டாவது அடியில் வலது கையை ஊன்றி மல்லாந்து விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, ஆட்டம் பார்க்க வந்திருந்த மிசுனுமாவைப் பார்த்து அரங்கமே அதிர, "பாத்தியாடா மிசுனுமா! எம் புள்ளைங்க ரெண்டும் கையத் தூக்கும்டா!" என்று கத்தினார்.

நீ கேட்டாயே, அவர் சொன்னது இதுதான். எழுதினால் காதைத் திருகுவேன் என்றார், இடது கையால் முடியாது. கூரையில் பனி அப்படியே இருக்கிறது, ஒருவரும் ஏறவில்லை. வந்து தள்ளு.

தெப்பெய்